நாள் கொடுத்தால் மலை வழிவிடும்

எருக்கலம்பிட்டியில் ஏறுவதற்கென்று எதுவும் இல்லை. மன்னார்த் தீவின் வடகரையில், மணலும் பனையும் உவர்நிலமுமாக விரிந்து கிடக்கும் ஊர் அது. தீவு முழுவதையும் சுற்றிவந்தாலும் அண்ணாந்து பார்க்க வைப்பவை தென்கரைக் காற்றாலைகள்தாம். அந்த ஊரிலிருந்து எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்துபோக எனக்கு ஆசை வந்தது. முகாம் இருப்பது 5,364 மீற்றர் உயரத்தில். உச்சிக்குப் போகிறவர்கள் கூடாரம் அடிக்கும் இடம் அது. அதுவரை போகக் கயிறும் பனிக்கோடரியும் தேவையில்லை. வழிகாட்டியோடு போனால் மலைப் பழக்கம் இல்லாதவரும் போய்வரலாம். ஆயத்தம் என்றவுடன் எல்லோரும் சப்பாத்தைப் பற்றியும் குளிர்சட்டையைப் பற்றியும் பேசுகிறார்கள். எல்லாவற்றுக்கும் முதலில் சேர்த்து வைக்க வேண்டியது நாட்களை. போய்வந்த பிறகு இதை இன்னும் அழுத்திச் சொல்கிறேன்.

எனக்கு இதை விளங்கவைத்தவர் மலைப்பக்கமே போகாதவர். சிலிண்டர் கட்டிச் சங்கும் கடலட்டையும் எடுக்கும் மாமா ஒருவர். "கீழ இருந்து மேல வாறதுக்கு அவசரப்படக் கூடாது மகன். ஒடம்புக்கு நேரம் குடுக்கணும். அவசரப்பட்டு வந்தவங்க கால் விளங்காமக் கெடக்கிறத நான் பாத்திருக்கன்" என்றார்.

கடலில் பத்து மீற்றர் இறங்கினால் உடலின் மீதுள்ள அழுத்தம் இரட்டிப்பாகும். மலையில் ஐயாயிரத்துச் சொச்சம் மீற்றர் ஏறினால் அது பாதியாகும். ஆழத்திலிருந்து விரைந்து எழுபவரின் இரத்தத்தில் நைதரசன் குமிழியிடுகிறது. உயரத்துக்கு விரைந்து ஏறுபவருக்கு ஒட்சிசன் போதாமல் மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்துக்கொள்கிறது. நோய் வேறு, விதி ஒன்று. அழுத்தம் மாறும் வேகம் உடல் தாங்கும் வேகத்தை மீறக் கூடாது.

காற்றில் ஒட்சிசனின் பங்கு மன்னாரிலும் எவரெஸ்ட் அடிவாரத்திலும் நூற்றுக்கு 21தான். உயரப் போகப் போக அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் அளவு குறைகிறது. உடல் முதலில் மூச்சை ஆழமாக்கிச் சமாளிக்கிறது. மூச்சு கூடும்போது காபனீரொட்சைட்டு அதிகம் வெளியேறி இரத்தத்தில் காரம் ஏறும். அந்தக் காரத்தைச் சிறுநீரகம் கழித்துச் சரிக்கட்ட நாட்கள் பிடிக்கும். புதிய செங்குருதிக் கலங்கள் பெருக வாரங்கள் ஆகும். இதில் எதையும் உடற்பயிற்சியால் முடுக்கிவிட முடியாது. மரதன் ஓடும் இளைஞர் தலைவலியில் சுருண்டுவிடுவார். ஆறுதலாக நடந்த அறுபது வயதுக்காரர் சிரித்தபடி போய்ச் சேர்வார்.

மலைநோய் பெரும்பாலும் 2,500 மீற்றருக்கு மேல்தான் தலைகாட்டும். இலங்கையில் அந்தக் கோட்டைத் தாண்டுவது பேதுருதாலகாலை மட்டும். அதன் உயரம் 2,524 மீற்றர். ஹோர்ட்டன் சமவெளியிலிருந்து ஏறும் கிரிகல்பொத்தை 2,388, பாவா ஆதம் மலை 2,243. எங்கள் நாட்டு மலைகள் காலையும் மூச்சையும் பழக்கும். இரத்தத்தைப் பழக்க அவற்றுக்கு உயரம் போதாது. அந்தப் பாடத்தை இமயத்திலேயே, நடக்கும் பாதையிலேயே படிக்க வேண்டும்.

காலைப் பழக்குவதற்கு மன்னார் ஒன்றும் குறைந்த இடம் இல்லை. கடற்கரைப் பொருமணலில், சோளகக் காற்றுக்கு எதிரே, முதுகில் தண்ணீர்ப் போத்தல்கள் நிரப்பிய பையோடு நடந்து பாருங்கள். கெண்டைக்கால் கேட்கும் கேள்விக்கு ஒரு கிலோமீற்றருக்குள் பதில் சொல்ல வேண்டிவரும். மூன்று மாதத்துக்குக் குறையாமல் இப்படி நடக்க வேண்டும். ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் முழங்கால் நோகும் என்பதால் மாடிப்படிகளில் சுமையோடு மெல்ல இறங்கிப் பழகினேன். புதுச் சப்பாத்தை ஊரிலேயே போட்டு நடந்து, காலுக்கு ஏற்றபடி இளக வைத்தேன். குதிகாலில் கொப்புளம் வருவதானால் அது மன்னாரில் வந்து ஆறட்டும்.

ஏறிப் பழகப் போனது பாவா ஆதம் மலைக்கு. நல்லதண்ணியிலிருந்து ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். 1344 இல் மாலைதீவிலிருந்து வந்து புத்தளக் கரையில் இறங்கிய இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியிடம் கேட்டது இந்த மலைக்குப் போக வழித்துணைதான். மன்னன் யோகிகளையும் பிராமணரையும் உணவு சுமக்க 15 பேரையும் கூட்டி அனுப்பினான். மேலே சங்கிலிகளைப் பிடித்து ஏறியதைத் தன் பயண நூலில் அவர் சொல்லியிருக்கிறார். பாதி உலகம் நடந்தவரே அறியாத மலைக்கு அறிந்தவர்களோடுதான் போனார். வழிகாட்டியை அமர்த்துவதை இயலாமையாக எண்ணுகிறவர்களுக்கு இந்த ஒரு சாட்சி போதும்.

வழிகாட்டியைத் தேடும்போது விலையை இரண்டாவதாகக் கேளுங்கள். முதல் கேள்வி, எத்தனை இரவு எங்கே என்பது. மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு எளியது: 3,000 மீற்றருக்கு மேல் உறங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீற்றருக்கு மேல் உயர்த்தக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும். பாதையை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். நாம்சே பசார் 3,440, தெங்போச்சே 3,860, டிங்போச்சே 4,410, லொபுச்சே 4,940, கொரக்ஷெப் 5,164. தெங்போச்சேக்கு மேல் இரண்டு தாவல்கள் 500ஐச் சற்றே மீறுகின்றன. அதனால்தான் நல்ல திட்டங்களில் நாம்சேயில் ஒரு நாளும் டிங்போச்சேயில் ஒரு நாளும் தங்கல் இருக்கும். நடை தொடங்கும் லுக்லாவிலிருந்து மீண்டும் லுக்லாவுக்கு வர 12 நாள் ஆகும். ஒன்பது நாளில் முடித்துத் தருகிறோம் என்று மலிவாக விற்பவர்களும் உண்டு. அவர்கள் குறைப்பது இந்தத் தங்கல்களைத்தான். யாருக்காவது சுகமில்லாமல் போனால் கூட இறங்குவது யார், சுமைகாரருக்குக் குளிருடையும் காப்புறுதியும் உண்டா, முகில் மூடி லுக்லா விமானம் நின்றால் கைவசம் உபரி நாள் இருக்கிறதா என்பவையும் கேட்டே தீர வேண்டியவை. உங்கள் காப்புறுதி 6,000 மீற்றர் வரை ஹெலிகொப்டர் மீட்பை ஏற்குமா என்பதையும் எழுத்தில் பாருங்கள். சார்க் நாட்டவர் என்பதால் சாகர்மாதா தேசியப் பூங்காவின் கட்டணம் எங்களுக்கு 1,500 நேபாள ரூபா. மற்ற வெளிநாட்டவருக்கு 3,000.

லுக்லா விமானத்தில் ஆளுக்குப் 15 கிலோதான். என் பையை அடுக்கியவர் உம்மா. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டியிலிருந்து படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்களில் அவரும் ஒருவர். "ஈரமாகாத ஒரு சோடி உடுப்பு, மருந்து, அடையாள அட்டை. இந்த மூண்டும் கைக்கு எட்டுற எடத்துல இருக்கணும்" என்று சொல்லி, உடுப்பைப் பொலித்தீனில் சுற்றிக் காற்றை அமுக்கி வெளியேற்றி முடிச்சுப் போட்டார். காத்மண்டுவில் வழிகாட்டி பையைத் திறந்து பார்த்துவிட்டு, எதையும் மாற்ற வேண்டாம் என்றார். தடித்த உறக்கப்பையையும் இறகுச் சட்டையையும் தமேல் கடைகளில் வாடகைக்கு எடுத்தோம். 1990 இல் ஊர்ச்சனத்துக்குப் போதிய நாள் கொடுக்கப்படவில்லை. எனக்கு நாள் இருந்தது. அதைக் காசுக்காகச் சுருக்க மனம் வரவில்லை.

லுக்லா ஓடுபாதையின் நீளம் 527 மீற்றர். ஒரு முனையில் பள்ளத்தாக்கு, மறுமுனையில் மலைச்சுவர். இறங்கும் விமானத்தின் வேகத்தை அடக்க ஓடுபாதையே மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. 2,860 மீற்றரில் இறங்கிவிட்டு முதல் நாள் நடப்பது கீழ்நோக்கி, 2,610 மீற்றரிலுள்ள பாக்டிங்குக்கு. மறுநாள் தூத்கோசி ஆற்றின் தொங்குபாலங்களைத் தாண்டி நாம்சேக்கு ஏறும்போதுதான் உடலுக்கு விஷயம் தெரியவரும். மலை மாடுகள் பொதி சுமந்து வந்தால் மலைச்சுவர்ப் பக்கமாக ஒதுங்கி நில் என்று வழிகாட்டி முதல் நாளே சொல்லிவிட்டார். பள்ளப் பக்கம் நின்றால் பொதி இடித்தே ஆளைத் தள்ளிவிடும்.

நாம்சேயில் தங்கும் நாள் படுத்திருக்கும் நாள் இல்லை. பகலில் 3,880 மீற்றர் வரை ஏறி, அங்கே சற்று நேரம் இருந்து, உறங்கக் கீழே வந்துவிட வேண்டும். அந்த ஏற்றத்தின் முடிவில் முதல் முறையாக எவரெஸ்டைக் கண்டேன். பக்கத்தில் லோட்சே, முன்னால் 6,812 மீற்றர் அமாதப்லாம். வானத்தில் முகில் இருக்க வேண்டிய உயரத்தில் பாறை இருந்தது. கண் அதை நம்ப மறுத்துத் திரும்பத் திரும்பக் கீழே தேடியது. சமநிலத்தில் பிறந்தவன் வானத்தின் எல்லையைப் பனை உயரத்தில் வைத்திருக்கிறான். அந்த எல்லையை மீண்டும் போட எனக்கு வெகு நேரம் பிடித்தது.

சாப்பாடு சோறும் பருப்பும் கீரையும். நாங்கள் நடந்த கும்புப் பள்ளத்தாக்கில் விலங்கு அறுப்பதில்லை. இறைச்சி கீழிருந்து சுமந்து வரப்படுவதால் பழுதாகியிருக்கும், தொடாதீர்கள் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். ஹலால் கவலையும் வயிற்றுக் கவலையும் ஒன்றாகத் தீர்ந்தன. தண்ணீர் உறைந்த காலைகளில் தயம்மும் செய்து, பயணிக்குரிய சலுகையில் சுருக்கித் தொழுதேன்.

டிங்போச்சேயில் தங்கிய நாளில் மேட்டைத் தாண்டிப் பெரிச்சேக்கு நடந்தோம். 1973 இல் தொடங்கிய ஹிமாலயன் ரெஸ்கியூ அசோசியேஷனின் சிறிய வைத்தியசாலை அங்கே இருக்கிறது. நடைக்காலத்தில் பிற்பகல்களில் வைத்தியர்கள் மலைநோய் பற்றி எல்லோருக்கும் வகுப்பெடுக்கிறார்கள். சாரம் மூன்று வரி. உயரத்தில் சுகமில்லையென்றால், வேறு காரணம் நிச்சயமாகும் வரை அது மலைநோய். அறிகுறியோடு மேலே ஏறாதே. கூடினால் உடனே இறங்கு. டயமொக்ஸ் மாத்திரை மூச்சைத் தூண்டி உடல் பழகுவதற்கு உதவும். சல்பா ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்க வேண்டும். எந்த மாத்திரையும் இறங்குவதற்கு ஈடாகாது.

அன்றிரவு தங்குமிடத்தின் நடையில் வழிகாட்டி எங்களை ஒவ்வொருவராக நடக்க வைத்தார். பலகையின் கோட்டில் ஒரு காலின் குதியை மற்றக் காலின் விரல்களோடு ஒட்டி ஒட்டி வைக்க வேண்டும். மூளையில் நீர் கோத்தவர் அந்தக் கோட்டில் தள்ளாடிவிடுவார். எங்களோடு வந்த ஒருவருக்கு மூன்றாவது அடியில் கால் விலகியது. வழிகாட்டி குரலை உயர்த்தவில்லை. விரல் நுனியில் ஒட்சிசன் அளக்கும் கருவியை மாட்டிப் பார்த்தார், பழைய கணக்கோடு ஒப்பிட்டார், மீண்டும் நடக்கச் சொன்னார். பிறகு உதவியாளரையும் இரண்டு கைவிளக்கையும் கூட்டி, அந்த இருட்டிலேயே அவரைக் கீழே அனுப்பினார். தாழ்வான ஊரில் அவர் தேறிவிட்டதாக மறுநாள் செய்தி வந்தது. வழிகாட்டிக்குக் கொடுக்கும் கூலி முழுவதற்கும் அந்த நடையில் எடுத்த முடிவு ஒன்றே போதும்.

துக்லா மேட்டில் மலையில் இறந்தவர்களுக்கான நினைவுக் கற்கள் வரிசையாக நிற்கின்றன. அதற்குமேல் பச்சை இல்லை. கொரக்ஷெப்பில் இரவு தண்ணீர்ப் போத்தலையும் தொலைபேசியையும் உறக்கப்பைக்குள் வைத்துப் படுத்தேன். வெளியே வைத்தால் ஒன்று உறையும், மற்றது சாகும். ஊரில் 98 காட்டிய விரல் கருவி அங்கே 80க்கு அருகே நின்றது. அடிவார முகாமில் கும்புப் பனிவீழ்ச்சி உள்ளுக்குள் முறியும் ஓசை கேட்கும். எவரெஸ்டின் உச்சியை மட்டும் அங்கிருந்து பார்க்க முடியாது. அதற்குக் காலாபத்தர் மேட்டுக்கு ஏற வேண்டும்.

விடியலில் அங்கே நின்று பார்த்தபோது வழிகாட்டி சொன்ன செய்தி என்னை நிலைகுலைய வைத்தது. எவரெஸ்டின் உச்சி சுண்ணாம்புக்கல். 40 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட கடலடிப் படிவு. அதில் கடலுயிர்களின் எச்சங்கள் இருக்கின்றன. இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்து ஆசியாவோடு மோதியதால் அந்தக் கடலடி எட்டாயிரம் மீற்றருக்கு எழுந்திருக்கிறது. அந்தத் தட்டில்தான் இலங்கையும் இருக்கிறது. எருக்கலம்பிட்டி மணலைத் தாங்கும் நிலமும் இந்த மலையை நெம்பிய நிலமும் ஒன்று. பிற ஊர் மலையைப் பார்க்கப் போனவனுக்கு, உயர்ந்து நின்ற பழைய கடலொன்றைப் பார்க்கக் கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ் என்பதைத் தவிர வேறு சொல் வாயில் வரவில்லை.

2016 மே 21 இல் ஜயந்தி குரு-உதும்பால எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் இலங்கையரானார். அவரோடு ஏறிய யொஹான் பீரிஸ் 8,400 மீற்றரில் திரும்ப நேர்ந்தது. அவர் திரும்பினார், 2018 மே மாதம் மறுபடி போய் உச்சியில் நின்றார். உச்சிக்குப் போகிறவருக்கே திரும்பி வந்து இரண்டு வருடம் காத்திருக்கப் பொறுமை இருக்கிறதென்றால், அடிவாரம் வரை போகும் நமக்கு ஒரு நாள் கூடுதலாகத் தங்குவது பெரிய காரியமா?

ஆகவே போக நினைப்பவர்கள் காசை எண்ணும் முன் விடுமுறையை எண்ணுங்கள். காத்மண்டு, லுக்லாத் தாமதம் எல்லாம் சேர்த்து மூன்று கிழமை இல்லாவிட்டால் அடிவார முகாமை இம்முறை விட்டுவிடுங்கள். அன்னபூர்ணாப் பக்கம் 3,210 மீற்றர் பூன்ஹில் இருக்கிறது. நான்கைந்து நாளில் நடந்து வரலாம், இமயத்தின் பெருமலைகளைக் கண்ணாரக் காணலாம். நாள் குறைவென்றால் உயரத்தைக் குறையுங்கள். நாளைக் குறைத்து உயரத்தைக் கூட்டாதீர்கள்.