மத்தாப்பில் இரும்பு, மூளையில் இரும்பு

கம்பி மத்தாப்பைக் கொளுத்தினால் பொன் நிறத்தில் தெறிக்கிறதே, அது என்ன தெரியுமா? இரும்புத் தூள். சிவகாசி, சாத்தூர் பக்கம் பட்டாசு வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பழகிய சமாச்சாரம். அதே இரும்பு மண்டைக்குள்ளும் இருக்கிறது என்பதுதான் அதிகம் பேசப்படாத விஷயம்.

டோபமின், செரட்டோனின் என்று மூளையில் இரண்டு ரசாயனங்கள். ஆர்வம், தூக்கம், மனநிலை எல்லாவற்றிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு. இரண்டையும் தயாரிக்கும் என்சைம்கள் இரும்பு இல்லாமல் ஓடாது. சரி, அப்படியானால் நிறைய இருக்கட்டுமே என்றால், அதுவும் ஆபத்து. கட்டுக்குள் இல்லாத இரும்பு ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து செல்களைச் சிதைக்கும். (மருந்து அறையில் பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.) அதனால் மூளை அதை ஃபெரிட்டின் என்ற புரதத்துக்குள் பூட்டி வைக்கிறது. ரத்தத்திலிருந்து உள்ளே விடும் வாசலிலும் கறாரான காவல். ரத்தத்தில் அளவு சரியாக இருந்தும் மூளையில் குறையலாம். ராத்திரி படுத்தால் காலை அசைக்காமல் இருக்க முடியாத ஒரு நோயில் இப்படித்தான் கண்டிருக்கிறார்கள்.

மனச்சோர்வுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? 2005-இல் வெளியான தென்னாப்பிரிக்க ஆய்வு ஒன்றில், ரத்தசோகை உள்ள தாய்மார்களுக்கு இரும்புச்சத்து கொடுத்தபோது அவர்களின் சோர்வும் மன அழுத்தமும் குறைந்தன. 2013-இல் தைவானில், ரத்தசோகை உள்ள பிள்ளைகளிடம் மனநோய்கள் கூடுதலாகக் காணப்பட்டன. தற்கொலை வரைக்கும் இந்தக் கோட்டை இழுப்பது இன்னும் ஊகம்தான். 2022-இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டதாக தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்கு சொல்கிறது. கடன், குடி, குடும்பச் சண்டை, நோய்... இரும்பு மாத்திரை இதையெல்லாம் தீர்க்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனாலும் ஒன்று. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எண்ணிக்கைக் கூலிக்கு நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து வேலை செய்யும் ஒரு அக்கா "ஒடம்பே ஓட மாட்டேங்குது, எதுலயும் மனசு ஒட்டல" என்கிறாள். வீட்டில் அதற்குப் பெயர் சோம்பேறித்தனம். ரத்தசோகையா, மனச்சோர்வா, இரண்டுமா? வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தாலும் போதாது. அது குறைவதற்கு முன்பே சேமிப்பு காலியாகிவிடும். அதைக் காட்டுவது ஃபெரிட்டின் பரிசோதனை.

அரசு தரும் மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று பலர் தூக்கிப் போடுகிறார்கள். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது, நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் நன்றாகச் சேரும் என்பதை மாத்திரை கொடுக்கும்போதே சொல்லலாம். டாக்டரைக் கேட்காமல் அளவுக்கு மீறி விழுங்கவும் கூடாது. மனசு ரொம்பத் தாங்கவில்லை என்றால் ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரத்திலும் போன் செய்யலாம், தமிழிலேயே பேசலாம்.