சேருடைய திரை

கிழக்கிலங்கையில் திருக்கோவில் என்ற ஊரிலுள்ள எங்கள் பாடசாலையில், காலை பத்து மணிக்குப் பிறகு புரொஜெக்டர் சுவரில் ஒன்றையும் காட்டாது. கடற்கரை வெளிச்சம் அப்படி. ஜன்னல்களை அடைத்தால் பிள்ளைகள் அவிந்துபோவார்கள். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு புரொஜெக்டருக்குப் புதுப் பல்ப் வாங்கும் பேச்சையும் விட்டுவிட்டோம். அதனால் ஐசிடி பாடத்தில் எதையாவது செய்துகாட்ட வேண்டுமென்றால், என் கணினித் திரையை அப்படியே ஒவ்வொரு பிள்ளையின் மொனிட்டருக்கும் அனுப்பிவிடுவேன். அதற்கு வேயான் என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது.

இது இல்லாத காலத்தில் தொண்டைதான் தேய்ந்தது. நாங்கள் படிப்பிப்பது தமிழில். மெனுவில் இருப்பதோ ஆங்கிலம். "இன்செர்ட்டுக்குப் போங்க, இல்ல மகள், அது ஹோம், அதுக்குப் பக்கத்தில" என்று ஒரு வரிசைக்குச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வரிசையில் யாராவது முழு அட்டவணையையும் அழித்திருப்பார்கள். இப்போது சுட்டி நகர்வதைக் கண்ணால் பார்க்கிறார்கள். பெயர் தெரியாவிட்டாலும் இடம் தெரிந்துவிடுகிறது.

இணையம் அறுந்து கிடந்த ஒரு நாள், தரம் 11 மாணவி ஒருத்தி கேட்டாள்: "நெட் இல்லாமலே உங்கட திரை எங்களுக்கு வருதே சேர், எப்படி?" சுவிட்ச், கேபிள் என்று அரை நிமிடத்தில் பதில் சொல்லிவிட்டேன். அடுத்ததாக அவள் கேட்டதற்குத்தான் என்னிடம் பதில் இருக்கவில்லை. "முதன்முதலா இதை யார், யாருக்குக் காட்டினவங்க?"

யாரோ ஒரு ஆசிரியர் தன் வகுப்புக்குக் காட்டியிருப்பார் என்றுதான் நினைத்தேன். இங்கே பலருக்கு ஸ்கிரீன் ஷேர் என்றாலே 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடிய பிறகு வந்த சூம்தான். எப்படிப் பார்த்தாலும் அதைவிடப் பழையதாக இருக்க வேண்டும். கல்முனையில் கணினி திருத்தும் தம்பி ஒருவரிடம் கேட்டேன். "சேர், வேயான் எல்லாம் சும்மா மேல அடிச்ச பெயின்ட். உள்ளுக்க இரிக்கிறது விஎன்சி" என்றார். ஒரு கணினியின் திரையை இன்னொரு கணினியில் காட்டும் மென்பொருள் அது.

நம்பாமல் இல்லை. ஆனாலும் பார்த்துவிடலாமென்று வயர்ஷார்க்கைப் போட்டு, இரண்டு கணினிகளுக்கிடையே போகும் தரவைப் பிடித்தேன். இணைப்பு தொடங்கியதும் முதலில் போவது பன்னிரண்டு பைட்: ஆர்எஃப்பி 003.008, அதன்பின் ஒரு வரிமுடிவுக் குறி. விஎன்சி பேசும் மொழியின் பெயரும் பதிப்பெண்ணும் அவை. 3.3 என்ற பதிப்பு 1998இல் வெளியானது, 3.8 என்பது 2007இல். அந்த மொழியின் முழு விபரமும் 2011 மார்ச்சில் ஆர்எஃப்சி 6143 என்ற ஆவணமாக வந்திருக்கிறது. அதை எழுதிய இருவரில் ஒருவர் ட்ரிஸ்டன் ரிச்சர்ட்சன். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், ஒலிவெட்டி ஆய்வுகூடத்தில் போய் நிற்கிறோம்.

தட்டச்சுப்பொறிக்குப் பெயர்போன அதே இத்தாலிய நிறுவனம் 1980களில் அமைத்த ஆய்வுகூடம் அது. அங்கே வேலை செய்தவர்கள் சட்டையில் ஒரு மின்னணு வில்லை குத்தியிருப்பார்கள். யார் எந்த அறையில் இருக்கிறார் என்பதை அது கட்டடத்துக்கு அறிவிக்கும். 1994இல் ரிச்சர்ட்சனும் கூட்டாளிகளும் இதற்கு மேலே இன்னொன்றைச் செய்தார்கள். ஒருவர் வேறு அறைக்குப் போய் அங்குள்ள கணினியின் முன் நின்று வில்லையின் பொத்தானை அழுத்தினால், அவர் விட்டுவந்த வேலை திறந்தது திறந்தபடி அந்தத் திரைக்கு வந்துவிடும். இதிலிருந்தும், பேனாவால் தொட்டு இயக்கும் வீடியோடைல் என்ற தட்டைத் திரையிலிருந்தும்தான் விஎன்சி பிறந்தது. 1998இல் அதைப் பற்றி எழுதிய நால்வர்: ரிச்சர்ட்சன், குவென்டின் ஸ்டாஃபர்ட்-ஃபிரேசர், கென்னத் வுட், அண்டி ஹொப்பர். (ஸ்டாஃபர்ட்-ஃபிரேசருக்கு இன்னொரு புகழும் உண்டு. பல்கலைக்கழகக் கணினிக்கூடத்துக் கோப்பிக் கேத்தலில் மிச்சம் இருக்கிறதா என்று எழும்பிப் போகாமலே பார்ப்பதற்கு, 1991இல் ஒரு கமெராவின் முன் அதை வைத்தவர்களில் அவரும் ஒருவர்.)

ஆக, மாணவியின் கேள்விக்குக் கிடைத்த முதல் பதில் விசித்திரமானது. தங்கள் திரையை அவர்கள் தங்களுக்கே காட்டிக்கொண்டார்கள். வகுப்பறை அவர்கள் மனதில் இல்லவே இல்லை.

எங்கள் கணினிக்கூடத்தில் இது ஓடுவதற்கான காரணமும் அந்த நால்வரின் கட்டுரையில் இருக்கிறது. என் திரை 1366க்கு 768. ஏறத்தாழ பத்தரை இலட்சம் புள்ளிகள். புள்ளிக்கு நாலு பைட் வைத்தால் ஒரு படம் 42 இலட்சம் பைட். வினாடிக்கு 25 படம் என்றால் பத்துக் கோடிக்கு மேல். எங்கள் பழைய 100 மெகாபிட் கேபிளில் வினாடிக்கு ஒன்றேகால் கோடி பைட்தான் போகும். ஒரு பிள்ளைக்கே கொள்ளாது, ஒரு வகுப்புக்கு எங்கே போவது? அதனால் முழுப் படம் முதலில் ஒருமுறைதான் போகிறது. பிறகு மாறிய சதுரங்கள் மட்டும். கூட்டுத்தொகைக் கட்டத்தில் எண் மாறினால் அந்தக் கட்டம் மட்டும் போகும். வீடியோ ஓடவிட்டால் எல்லாம் விக்கி நிற்பதும் இதனால்தான்; அங்கே ஒவ்வொரு நொடியும் எல்லாச் சதுரமும் மாறுகிறது.

இதைவிட எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. விஎன்சியில் காட்டுகிறவர் தள்ளுவதில்லை, பார்க்கிறவர்தான் கேட்கிறார். "மாறியதைத் தா" என்று கேட்டால்தான் அடுத்தது வரும். கடைசி வரிசையிலுள்ள கிழட்டுக் கணினி மெதுவாகக் கேட்கும். அது கேட்கும்போது திரையின் அப்போதைய நிலை கிடைக்கும். இடையில் தவறியவை வரிசையில் குவிந்து அதை மூச்சுத்திணற வைப்பதில்லை. படிப்பித்தலைப் பற்றி யோசிக்காத நால்வர் எழுதியது இது. ஆனாலும் பயிற்சிக் கல்லூரியில் எனக்குச் சொல்லித்தந்த பல விஷயங்களை விட இதில் வகுப்பறை அறிவு கூடுதலாக இருக்கிறது.

கேம்பிரிட்ஜுக்கு முன்னால் என்ன? 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கெல்பார்ட் மேடையிலிருந்தபடி, மென்லோ பார்க்கிலிருந்த பில் பக்ஸ்டனுடன் ஒரே திரையில் வேலை செய்துகாட்டினார். கணினிச் சுட்டியை உலகம் கண்டதும் அன்றுதான். ஆனால் சபையார் பார்த்தது மண்டபத்துப் பெருந்திரையை. அவரவர் மேசையில் ஒன்றும் இருக்கவில்லை.

கல்விக்கென்றே பிறந்தது, இல்லினோய் பல்கலைக்கழகத்தில் 1960இல் டொனால்ட் பிட்சர் தொடங்கிய பிளேட்டோ. 1970களில் அதன் செம்மஞ்சள் பிளாஸ்மாத் திரைகள் பல இடங்களில் ஓடின. 1973 அளவில் அதில் இருவர் எழுத்தில் உரையாடும் வசதி வந்தது. அதற்குள்ளேயே ஒருவர் திரையை மற்றவர் பார்க்கும் முறையும் இருந்தது. சிக்கிக்கொண்டவர் ஆலோசகரை அழைப்பார். ஆலோசகர் தூரத்திலிருந்து அவருடைய திரையைப் பார்த்து வழி சொல்வார். என் எதிர்பார்ப்பு இங்கே தலைகீழாகிவிட்டது. திரையைக் காட்டியது தெரியாதவர், பார்த்தது தெரிந்தவர்.

விஎன்சி, கல்வி என்ற இந்த இரண்டு ஓட்டமும் சேர்ந்த இடம்தான் ஜெர்மனியில் டோபியாஸ் யுங்ஹான்ஸ் எழுதிய ஐடால்க். பாடசாலைக் கணினிக்கூடங்களுக்காகவே, விஎன்சியின் மேல் கட்டப்பட்டது. ஒலிவெட்டி ஆய்வுகூடம் 1999இல் ஏடி அண்ட் டியிடம் போய் 2002இல் மூடப்பட்டது. ஆனால் மூல நிரல் ஏற்கெனவே கட்டற்ற உரிமத்தில் வெளியே வந்திருந்ததால், யாரையும் கேட்காமல் யாரும் எடுத்துக் கட்ட முடிந்தது. ஐடால்க்தான் 2017இல் வேயான் என்று பெயர் மாறியது.

வேயானைத் திறந்தால் ஆசிரியருக்கு முதலில் தெரிவது எல்லாப் பிள்ளைகளின் திரைகளும், சின்னச் சின்னக் கட்டங்களாக. காட்டும் பொத்தானைத் தேடி அழுத்த வேண்டும். பார்ப்பது தானாகவே நடக்கிறது. பக்கத்தில் பூட்டும் பொத்தான், எல்லாத் திரையையும் ஒரே நொடியில் இருட்டாக்க. புதிதாக வரும் ஆசிரியர்கள் அதைத்தான் முதலில் விரும்புகிறார்கள். நான் விரும்புவதில்லை. பார்க்கிறேன் என்பதைப் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன், ஆளாளுக்கு அவர்கள் பெயரில் திறந்தும் காட்டுகிறேன். சொல்லாமல் பார்ப்பது ஒளிந்து நின்று பார்ப்பதுதான்.

கண்டுபிடித்ததை அந்த மாணவியிடம் சொன்னேன். சற்று யோசித்தாள். "அப்ப எங்கட திரையையும் எல்லாருக்கும் காட்டலாமா சேர்?" வேயானின் பிந்திய பதிப்புகளில் அது முடியும்; ஒரு மாணவரின் திரையைத் தெரிவு செய்து மற்ற எல்லோருக்கும் அனுப்பலாம். நான் அதைத் தொட்டதேயில்லை. அடுத்த பாடத்தில் அவளுடையதைப் போட்டேன். விரிதாளில் நிரலின் அடியில் நின்று, ஆல்ட்டையும் சமன் குறியையும் சேர்த்து அழுத்தினாள். கூட்டுத்தொகை வந்து விழுந்தது. நான் அவர்களுக்குப் படிப்பித்திருந்தது அடைப்புக்குறி போட்டு முழுச் சூத்திரத்தையும் தட்டும் வழி. "மகள், இன்னொருக்கா, மெதுவா" என்றேன். பின்வரிசையிலிருந்து ஒரு பையன் அவளிடம் கட்டளையாகவே சொன்னான்: "கையை எடுக்காதே, நாங்க இன்னும் எழுதி முடிக்கல்ல."