ஈரம் தொடங்கும் இடம்

மார்கழிக் காலை. பெங்களூரு ஜக்கூர் விமானத் தளத்தில் ஏழு மணிக்கும் பனி விலகவில்லை. பெல்லாரி சாலை மேம்பாலத்து லாரிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஹேங்கரின் இரும்புக் கதவைத் தள்ளித் திறந்த இளைஞர், சக்கரப் பலகையை இழுத்துப் போட்டு, அங்கே நின்ற சிறிய விமானத்தின் வயிற்றுக்கு அடியில் மல்லாந்து படுத்தார். தகட்டில் விரலால் ஒரு இழுப்பு இழுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு விரலை வெளிச்சத்துக்கு நீட்டி என்னிடம் காட்டினார்.

"எஞ்சின் ஆயில்தாண்ணா. பிரேக் ஆயிலா இருந்தா செவப்பா இருக்கும். பெட்ரோல் கசிஞ்சு காய்ஞ்சிருந்தா நீலமா கறை நிக்கும்."

அவருக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். தர்மபுரிப் பக்கத்துக்காரர். நான்கு ஆண்டுகளாக இங்கே உதவியாளர். அந்த விரலை அவர் நீட்டிய விதத்தில் இருந்த உறுதிதான் என்னை மூன்று நாள் அந்த ஹேங்கரில் உட்கார வைத்தது.

விமானம் செஸ்னா 172. 1956-இல் விற்பனைக்கு வந்த இந்த வகையில் இதுவரை 44,000-க்கும் மேல் செய்திருக்கிறார்கள். உலகில் வேறெந்த விமானமும் இத்தனை எண்ணிக்கையில் உருவானதில்லை. இது 1975-இல் பிறந்தது. மூக்கில் நான்கு சிலிண்டர் லைகாமிங் எஞ்சின், 150 குதிரைத்திறன். சில வாரங்களாக ஒவ்வொரு முறை பறந்து இறங்கும்போதும் வயிறு முழுக்க எண்ணெய் வழிந்திருக்கிறது. வேறோர் ஊர்ப் பட்டறையில் ராக்கர் கவர் கேஸ்கட்டுகளை மாற்றி, கண்ணில் பட்ட கிளாம்ப்பையெல்லாம் இறுக்கி அனுப்பியிருக்கிறார்கள். கசிவு நிற்கவில்லை. உரிமையாளருக்கு ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் இருக்கும் கிராங்க் ஷாஃப்ட் சீல் போய்விட்டதோ என்று பயம். அது போனால் ப்ரொப்பெல்லரையே கழற்ற வேண்டும்.

உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளரை ஹேங்கரில் எல்லோரும் ஏ.எம்.இ. சார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கோயம்புத்தூர்க்காரர், அறுபதை நெருங்குகிறவர். எஞ்சின் பக்கமே போகாமல் முதலில் அவர் கேட்டது எண்ணெய்க் கணக்கு நோட்டு.

"எத்தனை மணி நேரத்துக்கு எத்தனை குவார்ட் ஊத்தியிருக்கீங்க, அதச் சொல்லுங்க."

ஒரு குவார்ட் என்பது ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நோட்டில் ஏழெட்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று இருந்தது. ஆறு மாதமாக அதே கணக்கு. இந்த அளவு எஞ்சின் மணிக்கு ஏறத்தாழ அரை குவார்ட் குடித்தால்கூட லைகாமிங் நிறுவனத்தின் வரம்புக்குள்தான். ஆக, வழிவது பார்வைக்குத்தான் பெரிது. இரண்டு கரண்டி எண்ணெய் மணிக்கு நூறு மைல் வேகக் காற்றில் பரவினால் அது ஒரு படி எண்ணெயாகத் தெரியும் என்றார்.

அடுத்த கேள்வி: எதுவரை நிரப்புகிறீர்கள்? உரிமையாளர் பெருமையோடு, எப்போதும் முழுசாக, எட்டு என்றார். இங்கேதான் முதல் முடிச்சு அவிழ்ந்தது. எஞ்சினுக்குள் சேரும் ஆவியும் அழுத்தமும் வெளியேற ஒரு மூச்சுக் குழாய் உண்டு. அது கீழே வயிற்றருகில் வாய் திறந்திருக்கும். எட்டு குவார்ட் ஊற்றினால் மேலே மிதக்கும் எண்ணெயை எஞ்சின் அதன் வழியாக ஊதி வெளியே தள்ளிவிடும். மூன்று மணி நேரத்துக்குக் குறைவான பயணத்துக்கு ஏழு போதும் என்று விமானத்தின் கையேட்டிலேயே இருக்கிறது. ஆறுக்குக் கீழே மட்டும் போகக் கூடாது. "எட்டாவது குவார்ட் எஞ்சினுக்கு இல்ல சார், வயித்துக்கு" என்றார்.

"அப்ப கசிவே இல்லையா?"

"அது வேற, இது வேற. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு வழியுது. அதனாலதான் யாருக்கும் பிடிபடல."

எஞ்சின் மூடியின் திருகுகளைக் கால் திருப்பு திருப்பிக் கழற்றினார்கள். கீழே இடப்பக்கப் பின்மூலை கருத்துப் பளபளத்தது. நான் அங்கேதான் ஓட்டை என்று நினைத்தேன். ஏ.எம்.இ. சார் அதைப் பார்க்கவே இல்லை. டார்ச்சை முன்னால், ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் இருக்கும் பெரிய பல்சக்கரத்தின் மேல் அடித்தார். கிராங்க் ஷாஃப்ட் சீல் கசிந்தால் எண்ணெய் முதலில் அங்கே வரும். சுழலும் பல்சக்கரம் அதை வாரி மூடியின் உள்பக்கம் முழுக்க வளையமாகத் தெளிக்கும். அங்கே தூசிதான் இருந்தது. உரிமையாளர் பெருமூச்சு விட்டார்.

அதைவிடப் பெரிய செலவு ஒன்று உண்டா என்று கேட்டேன். ஏ.எம்.இ. சார் எஞ்சினின் முதுகில் ஓடிய மெல்லிய கோட்டைக் காட்டினார். எஞ்சினின் உடற்கூடு இரண்டு பாதிகளாக வார்க்கப்பட்டு நடுவில் சேர்க்கப்பட்டது. அந்த இணைப்பில் கேஸ்கட் கிடையாது. பசை தடவி, அதன்மேல் பட்டு நூல் ஓட்டி, இரண்டு பாதியையும் முறுக்குகிறார்கள். பட்டு நூலா என்று மறுபடி கேட்டேன். பட்டுதான். நான் ஆரணியில் பட்டு முறுக்குகிற வீட்டில் வளர்ந்தவன். அம்மாவின் விரலிடுக்கில் ஓடிய அதே நூல், பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் செய்த எஞ்சினுக்குள் ஐம்பது வருடம் எண்ணெயைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். அதுவும் காய்ந்துதான் இருந்தது.

பிறகு அன்று முழுவதும் நடந்தது துடைக்கும் வேலை. இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். கசிவு தேடுவது என்றால் தேடுவது என்றே நினைத்திருந்தேன். முக்கால்வாசி சுத்தம் செய்வதுதான். பழைய எண்ணெய் ஒரு சொட்டு மிச்சம் இருந்தாலும் புதிய எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. இளைஞர் முதலில் மேக்னெட்டோ, ஆல்டர்னேட்டர், வேக்குவம் பம்ப் மூன்றையும் பிளாஸ்டிக் உறையால் கட்டினார். கரைப்பானைத் தெளித்து, சின்னப் பிரஷ்ஷை சிலிண்டர்த் துடுப்புகளின் இடைவெளி ஒவ்வொன்றுக்குள்ளும் விட்டார். துடுப்புக்கு ஒரு தடவை, மறுபக்கத்திலிருந்து இன்னொரு தடவை. பிறகு திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் பனியன் வேஸ்ட். வெள்ளைத் துண்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்தார். கலர்த் துணியில் கறை தெரியாதாம். ஒரு இடத்தைத் துடைத்த துண்டை அப்படியே எறியாமல் விரித்துப் பார்ப்பார். எந்த இடத்தில் துணி மஞ்சளாகிறது, எந்த இடத்தில் கறுப்பாகிறது என்று அவருக்குள் ஒரு வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது.

"பின்னாடி எல்லாம் பழசுண்ணா, பிசின் மாதிரி. முன்னாடி போகப் போக புதுசா வருது."

அதை அவர் யாரிடமும் தெரிவிக்கவில்லை. நான் கேட்டதால் சொன்னார்.

மறுநாள் மூடி இல்லாமல் பத்து நிமிடம் எஞ்சினை ஓட்டினார்கள். மூடி இருந்தால்தான் காற்று சரியாகப் பாய்ந்து சிலிண்டர் குளிரும், அதனால் அதிக நேரம் ஓட்ட முடியாது. ஒன்றும் தெரியவில்லை. மூடியைப் போட்டு இருபது நிமிடம் பறந்து வந்ததும், அதே இடப்பக்கப் பின்மூலையில் ஈரம். காற்று முன்னாலிருந்து பின்னால் ஓடும், மேலிருந்து கீழே இறங்கும். எண்ணெய் அதோடு போகும். ஈரமான இடம் என்பது எண்ணெய் போய்ச் சேர்ந்த இடம். புறப்பட்ட இடம் அதற்கு முன்னால் எங்கோ இருக்கும்.

அப்போதுதான் சாயத்தை எடுத்தார்கள். எஞ்சின் எண்ணெயில் கலக்கும் சின்னக் குப்பி. கலந்து, மறுபடி பறந்து இறங்கி, ஹேங்கர் கதவுகளைச் சாத்தி, விளக்குகளை அணைத்து, புறஊதா விளக்கைப் பிடித்தார்கள். இருட்டில் எஞ்சின் மறைந்துபோய் எண்ணெயின் தடம் மட்டும் பச்சை மஞ்சளாக எரிந்தது. பின்மூலையில் குளம். அங்கிருந்து ஒரு ஓடை முன்னோக்கிப் போனது. போகப் போக நூலாகி, இடப்பக்க முன் சிலிண்டரான இரண்டாம் எண்ணுக்குக் கீழே நின்றது. அந்த இடத்தில் ராக்கர் அறையிலிருந்து எண்ணெய் திரும்பி இறங்கும் மெல்லிய குழாய் இருக்கிறது. குழாயின் அடி முனையைக் கட்டைவிரல் கணு அளவு ரப்பர் ஹோஸ் பிடித்திருக்கிறது, இரண்டு கிளாம்ப்போடு. முன்பக்கம் பார்த்தால் ஹோஸ் நன்றாகவே இருந்தது.

இளைஞர் பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற கண்ணாடியைப் பின்னால் நுழைத்தார். அதற்கும் முன்னால் அவருடைய சுண்டுவிரல் போய்விட்டது.

"சார், இங்க. கிளாம்ப் ஓரத்துல வெட்டு விழுந்திருக்கு."

வெப்பத்தில் வருடக்கணக்கில் வெந்து இறுகிய ரப்பர். பக்கத்திலேயே புகைபோக்கிக் குழாய் ஓடுகிறது. முந்தைய பட்டறையில் கிளாம்ப்பை இன்னும் முறுக்க, காய்ந்த ரப்பரில் விளிம்பு கடித்து, மயிரிழை விரிசல். இதில் அழுத்தம் கிடையாது, எண்ணெய் தன் எடையில் இறங்குவதுதான். அதனால்தான் தரையில் மெதுவாக ஓட்டியபோது காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் சொட்டு புகைபோக்கியின் மேல் விழுந்தால் புகை, அதற்கு மேல் போனால் தீ. சின்னக் கசிவு என்று யாரும் அங்கே சொல்லவில்லை.

நான்கு ஹோஸ்களையும் மாற்றச் சொன்னார் ஏ.எம்.இ. சார். மற்ற மூன்றும் ஒழுகவில்லையே என்றார் உரிமையாளர். கழற்றிய மூன்றையும் இளைஞர் ஒவ்வொன்றாக விரலால் வளைத்துக் காட்டினார். இரண்டு வளைந்த இடத்திலேயே பிளந்தன.

வேலை முடிந்ததும் எஞ்சின் பதிவேட்டில் நான்கு வரி எழுதப்பட்டது: ஹோஸ்கள் மாற்றம், சோதனை ஓட்டம், கசிவு இல்லை. கீழே பொறியாளரின் கையெழுத்தும் உரிம எண்ணும். சட்டப்படி அது அவர் பொறுப்பு, அந்தச் சுமையை அவர் சுமக்கிறார். ஆனால் கசிவைத் துணியில் முதலில் படித்தவரின் பெயருக்கு அந்தப் பதிவேட்டில் இடமே இல்லை என்பது எனக்கு வலித்தது. உரிமத் தேர்வு எழுதப் போகிறாயா என்று கேட்டேன். பீஸ் கட்டக் காசு சேர்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

மூன்றாம் நாள் மாலை ஏழு குவார்ட் எண்ணெயோடு நாற்பது நிமிடம் பறந்து வந்தது விமானம். சாயம் அடுத்த எண்ணெய் மாற்றம் வரை உள்ளேயே இருக்கும், அதனால் மறுபடி விளக்கடித்துப் பார்க்கலாம். கதவைச் சாத்தி விளக்குகளை அணைத்தார்கள். இரண்டாம் சிலிண்டருக்குக் கீழே இருட்டு. பின்மூலையிலும் இருட்டு. இளைஞர் புறஊதா விளக்கைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் வரை மெல்ல நகர்த்தினார். எஞ்சினில் எங்கும் ஒளி இல்லை. விளக்கைப் பிடித்திருந்த அவருடைய நகக்கண்கள் மட்டும், ஐந்தும், பச்சையாக எரிந்துகொண்டிருந்தன.