காணாமல் போன வட்டு

சர்வர் ஓடிக்கொண்டிருக்கும் வரை அதில் யார் எதை எங்கே செருகினார்கள் என்று எவரும் கேட்பதில்லை. ரீஸ்டார்ட் ஆகும்போதுதான் எல்லாம் வெளியே வரும். இது ஒரு பொறியியல் கல்லூரி லேபில் நடந்தது. பெயரெல்லாம் வேண்டாமே :)

லேபுக்கு ஒரே ஒரு சர்வர். லினக்ஸ் கெர்னலுக்குள் 2007-ல் வந்து சேர்ந்த கேவிஎம் வழியாக அதில் ஏழெட்டு மெய்நிகர் கணினிகள் ஓடும். அதில் ஒன்று இறுதியாண்டுப் பையன்கள் நாலு பேருடையது. ப்ராஜெக்ட் கோடு, டேட்டாபேஸ், பாதி எழுதிய ரிப்போர்ட் எல்லாம் அதற்குள்தான். பேக்கப்? அடுத்த வாரம் எடுப்பதாக இருந்தார்களாம். ரிவ்யூவுக்கு மூன்று நாள் இருக்கும்போது கரண்ட் போனது. யுபிஎஸ்ஸும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்துவிட்டு ஓய்ந்தது.

கரண்ட் வந்ததும் சர்வர் எழுந்தது. மெய்நிகர் கணினி எழவில்லை. வட்டுக் கோப்பே இல்லை என்றது. (தெரியாதவர்களுக்கு: மெய்நிகர் கணினியின் வன்தட்டு என்பது நிஜ வன்தட்டில் கிடக்கும் ஒரு பெரிய கோப்பு, அவ்வளவுதான்.) அது இருந்த டைரக்டரியைத் திறந்தால் உள்ளே துடைத்து வைத்த மாதிரி காலி.

"அதே பேர்ல புதுசா ஒரு டிஸ்க் உருவாக்கிப் பாக்கலாமா?" என்றான் ஒருவன். உருவாக்கலாம்தான். இயங்குதளமே இல்லாத வெற்று வட்டு கிடைக்கும்.

லேபைப் பார்த்துக்கொள்ளும் அண்ணா, "டேய், யாரும் எதையும் தொடாதீங்கடா. ஒரு ஃபைல் மட்டும் காணோம்னாதான் நான் பயப்படுவேன். மொத்தமா காணோம்னா அது வேற கதை" என்றார்.

அவர் பயந்ததற்குக் காரணம் உண்டு. லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினியின் வட்டுக் கோப்பை யாராவது இடம் போதவில்லை என்று அழித்துவிட்டாலும் அது பாட்டுக்கு ஓடும். பெயர்தான் போகும். கோப்பைத் திறந்து வைத்திருக்கும் ப்ராசஸ் உயிரோடு இருக்கும்வரை தகவல் வட்டிலேயே இருக்கும், இடமும் காலியாகாது. அந்த நிலையில் கண்டுபிடித்தால் ப்ராக் டைரக்டரி வழியாகப் பிரதி எடுத்துவிடலாம். ரீஸ்டார்ட் ஆகிவிட்டால் அந்தக் கடைசிப் பிடியும் போச்சு. என்றைக்கோ அழித்த கோப்புக்கு இன்றைக்குப் பழி கரண்டின் மேல் விழும்.

இங்கே காணாமல் போனது மொத்தமும். லினக்ஸில் ஒரு வன்தட்டை ஏதாவதொரு டைரக்டரியில் மவுண்ட் செய்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். சுவரில் ஆணி, ஆணியில் பை. இவர்கள் இவ்வளவு நேரமும் வெறும் ஆணியை முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, பை எங்கே? லேப் நோட்டில் பழைய டேட்டா வட்டு எஸ்டிபி என்றும், போன மாதம் சர்வரை நிறுத்தாமலே செருகிய புது வட்டு எஸ்டிசி என்றும் எழுதியிருந்தது. இப்போது பார்த்தால் எஸ்டிபியில் பார்ட்டிஷனே இல்லை. பையன்களுக்கு வயிற்றைக் கலக்கியது. எஸ்டிசியை ஃபார்மட் செய்து, எஸ்டிபியிலிருந்து மீட்கிறதை அதில் போடலாம் என்று ஒருவன் கட்டளையைக்கூடத் தட்டிவிட்டான். எண்டர் மட்டும்தான் பாக்கி.

அண்ணா கையைத் தட்டிவிட்டு, வட்டுகளின் சீரியல் நம்பரைப் பார்க்கச் சொன்னார். புது வட்டின் பில் நோட்டிலேயே ஒட்டியிருந்தது. அதிலிருந்த நம்பர் எஸ்டிபியோடு ஒத்துப்போனது!

கெர்னல் இந்த எழுத்துகளைக் கண்ணில் பட்ட வரிசையில் கொடுக்கிறது. ஓடும்போது செருகியதால் புதுசுக்கு அடுத்த எழுத்து கிடைத்தது. ரீஸ்டார்ட்டில் அது இருந்த ஸ்லாட் முதலில் வர, எஸ்டிபி என்ற பெயரைத் தட்டிக்கொண்டு போய்விட்டது. எஃப்எஸ்டேப் கோப்பிலோ எஸ்டிபி1 என்று எழுத்தை நம்பி எழுதியிருந்தார்கள். கூடவே நோஃபெயில் என்ற விருப்பம் வேறு. அது மட்டும் இல்லாமலிருந்தால் சர்வர் எமர்ஜென்சி மோடில் நின்று கத்தியிருக்கும். இருந்ததால் வாயைத் திறக்காமல் எழுந்துவிட்டது.

எஸ்டிசி1-ஐ முதலில் படிக்க மட்டும், ஜர்னலையும் தொடாமல், மவுண்ட் செய்தார்கள். 38 ஜிபி கோப்பு பத்திரமாக இருந்தது. அதை வேறொரு வட்டுக்குப் பிரதி எடுத்த பிறகுதான் முறையாக மவுண்ட் செய்ய விட்டார் அண்ணா. மெய்நிகர் கணினி தன் கோப்பு முறைமையைச் சரிபார்த்துக்கொண்டு எழுந்தது.

எஃப்எஸ்டேப்பில் இப்போது எழுத்துக்குப் பதில் யுயுஐடி இருக்கிறது. வட்டை மாட்டாத நேரத்தில் அந்த வெறும் டைரக்டரியில் எவரும் எதையும் எழுதிவிடாதபடி சிஹெச்ஏடிடிஆர் கட்டளையால் பூட்டும் போட்டாயிற்று.

ரிவ்யூவில் எவ்வளவு மார்க் என்று மட்டும் பையன்களைக் கேட்டுவிடாதீர்கள். அதற்கும் வட்டுக்கும் சம்பந்தமில்லை.