அணைந்த என்ஜினின் பிரயாணம்

சென்ற கோடை விடுமுறையில் நம் வீட்டில் ஒரு ரயில் பிரயாணம் நடைபெற்றது. தூரம் சுமார் முப்பது அடி. புறப்பட்ட இடம் கூடம். போய்ச் சேர வேண்டிய இடம் நம் தகப்பனாரின் அறை. இதற்கு ஒரு முழுப் பகல் பிடித்தது என்றால் நேயர்கள் சிரிக்கக் கூடும். ஆனால் சரித்திரப்படி அது தாமதமே அல்ல.

தகப்பனாருக்கு வயது எழுபத்தொன்பது. இருபது வருஷத்துக்கு மேல் மீட்டர் கேஜில் நீராவி என்ஜின் ஓட்டியவர். தை மாதத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. சிகிச்சை முடிந்து, "நடக்கலாம், நடக்கத்தான் வேண்டும்" என்று டாக்டர் சொல்லியும் அவர் எழுந்திருக்க மறுத்து விட்டார். "நெருப்பை அணைத்தாயிற்று; இனி ஷெட்டில் நிற்க வேண்டியதுதான்" என்பார். வாங்கி வந்த வாக்கர் துண்டு உலர்த்தப் பயன்பட்டது.

இந்தச் சமயத்தில், அமெரிக்காவிலிருந்து வந்த மைத்துனர் நமது புதல்வனுக்கு ஒரு சிறு என்ஜின் கொண்டு வந்தார். "பிக் பாய்" 4014 என்று பெயர். நிஜ என்ஜின் 1941-ல் யூனியன் பசிபிக் ரயில்வேக்காகச் செய்யப்பட்டது. டெண்டருடன் நீளம் 132 அடிக்கு மேல். கரியும் தண்ணீரும் நிரப்பினால் எடை சுமார் 540 டன். நம் வீட்டுக்கு வந்தது அதில் 87-ல் ஒரு பங்கு, ஒன்றரை அடி. கூட வந்த தண்டவாளம் பன்னிரண்டே துண்டுகள். "ஒன்பது அடியில் என்ன ரயில் விடுவது?" என்று பையன் முகம் வாடினான்.

அப்போது நாம் உபாத்தியாயர் தோரணையில் சரித்திரத்தை எடுத்தோம். 4014, 1961-ல் ஓய்வு பெற்று, கலிபோர்னியாவிலுள்ள போமோனாவில் காட்சிப் பொருளாக நின்றது. அதை மறுபடி ஓட்டுவதென்று 2013-ல் கம்பெனியார் திரும்பப் பெற்றுக் கொண்டார்கள். ஆனால் அது நின்ற இடத்துக்கும் ரயில் பாதைக்கும் நடுவே கார்கள் நிறுத்தும் பெரிய மைதானம்! வழி முழுவதும் பாதை போடவில்லை. சில துண்டுகளைப் போட்டு என்ஜினை நகர்த்தினார்கள். அது தாண்டியதும் பின்னாலிருந்த துண்டைப் பெயர்த்து முன்னால் வைத்தார்கள். இப்படியே மைதானத்தைக் கடந்தது.

பையன் துள்ளி எழுந்தான். "அப்படியானால் தாத்தா அறைக்கே போகலாம்!" என்றான்.

மின்சாரம் கூடாதென்று தீர்மானித்தோம். போமோனாவில் என்ஜினுக்கு நெருப்பு ஏது? நூல் கட்டி இழுத்தோம். நடையில் திரும்பும் போது விபத்து நேர்ந்தது. இந்த ஜாதி என்ஜினில் முன்பக்கத்து எட்டுச் சக்கரங்கள் தனிச் சட்டத்தில் திரும்பும். கொதிகலனோ பின் சட்டத்தோடு பிணைந்தது. ஆகையால் வளைவில் சக்கரம் ஒரு பக்கம் போக, மூக்கு வெளியே நீளும். நாம் அவசரப்பட்டு இழுத்ததில் மூக்கு நிலையில் இடித்து, என்ஜின் சாய்ந்தது. குற்றம் முழுவதும் நம்முடையதே.

"டேய், எத்தனை வருஷம் நின்ற என்ஜின்? அச்சுக்கு எண்ணெய் விட்டீர்களா? வளைவில் இந்த வேகமா?" என்று அறையிலிருந்து ஒரு குரல் வந்தது. மூன்று மாதமாக நாம் கேட்டிராத குரல்! தையல் மெஷின் எண்ணெய் தருவிக்கப்பட்டது. அதன் பிறகு டிரைவர் அவர், நாங்கள் கலாசிகள். மாலை நான்கு மணிக்கு 4014 கட்டிலண்டை வந்து நின்றது.

"நிஜ என்ஜின் அப்புறம் ஓடிற்றா?" என்றார்.

"2014 மே 8-ந் தேதி வயோமிங் ராஜ்யத்தில் ஷையான் பட்டணம் போய்ச் சேர்ந்தது. ஐந்து வருஷம் பழுது பார்த்து, கரிக்குப் பதில் எண்ணெய் எரியும்படி மாற்றினார்கள். 2019 மே மாதம் தன் சொந்த நீராவியில் ஓடிற்று."

"அப்போது அதற்கு என்ன வயது?"

"ஏறக்குறைய எழுபத்தெட்டு."

"என்னைவிட ஒரு வயது சின்னது" என்று சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு நம் மனையாளைக் கூப்பிட்டு, "அம்மா, அந்த வாக்கரிலிருந்து துண்டை எடு" என்றார்.

வாக்கரை ஓரடி முன்னால் வைப்பார், பிறகு காலை எடுத்து வைப்பார், மறுபடி வாக்கர். நடையின் திருப்பத்தை அடைந்ததும் பையன் குதித்துக் கொண்டு கூவினான்:

"தாத்தா! வளைவு வருகிறது, மெதுவாக!"