சாவி கையோடு வந்த மணிக்கூடு

நேரம் வைக்கலாமென்று அப்பாவின் மணிக்கூட்டுச் சாவியை இழுத்தேன். தண்டும் சேர்ந்து கையோடு வந்துவிட்டது. திரும்பச் செருகினால் சாவி ஏறுகிறது. இழுத்தால் மறுபடியும் கழன்று வருகிறது. கடைசியாகச் சர்வீஸ் செய்தது யாரென்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

கல்லடிப் பாலம் தாண்டிக் காத்தான்குடிக்குக் கொண்டுபோனேன். நடுவீதியில் பேரீச்ச மரங்கள் நிற்கிற ஊர். துணிக்கடை வாசலோரம் ஒரு முழ அகலக் கண்ணாடிப் பெட்டி, அதன் பின்னால் ஒரு ஸ்டூல், அவ்வளவுதான் கடை. மணிக்கூடு திருத்துகிற நானாவுக்கு அறுபது தாண்டியிருக்கும்.

"திறக்க முந்தி விரலால கேக்கணும் தம்பி" என்றார்.

தண்டைச் செருகி மெல்லச் சுற்றினார். பிடிமானமே இல்லாமல் சுற்றிக்கொண்டு போனால் மெயின் ஸ்பிரிங் அறுந்திருக்கும். விட்டதும் சாவி விறுக்கென்று பின்னால் ஓடினால், பல்லைத் தடுத்துப் பிடிக்கிற கொக்கியில் பிழை. பல் நழுவிக் கரகரத்தால், இரண்டு பல்லுருளைகளையும் நெருக்கி வைக்கிற சின்ன ஸ்பிரிங்கைப் பார்க்க வேண்டும். "உங்கடதுல இது ஒண்டும் இல்ல."

பின்மூடியைத் திறந்து ஒரு திருகாணியைக் காட்டினார். தண்டில் ஒரு காடி உண்டு; அந்தக் காடிக்குள் விழுந்து அதைப் பிடித்துக்கொள்வது டயலுக்குக் கீழே இருக்கிற ஒரு தகடு. தகட்டைத் தாங்குவது இந்த ஆணி. தண்டை எடுக்க ஆணியை ஒரு சுற்றுத் தளர்த்தினால் போதும். "ஆரோ அவசரத்தில கூடக் கழட்டிட்டாங்க. தகடு உள்ளுக்கு விழுந்து கிடக்கு."

ஆணியை முறுக்கினால் தீருகிற காரியமல்ல அது. டயலின் மேல் பொலித்தீன் துண்டு போட்டு முட்களைக் கிளப்பி, டயலையும் கழற்றினார். தகடு சாய்ந்து கிடந்தது, ஓரத்தில் தேன்நிறத் துரு. சாவி நுழைகிற துளை வழியாகத்தான் வியர்வையும் உப்புக்காற்றும் உள்ளே போகின்றனவாம். வாவியில் தோணி தள்ளுகிறவர்களின் மணிக்கூடுகளில் தண்டே இற்றுப்போய் வருமாம். தகட்டைப் பெற்றோலில் கழுவினார். 2022இல் ஊரே பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். சிரித்தாரே தவிரப் பதிலில்லை.

ஒரு காலத்தில் சட்டைப்பை மணிக்கூட்டுக்குத் தனிச் சாவி இருந்தது. அதை ஒழிக்கிற பொறியை அட்ரியன் பிலிப் என்ற மணிக்கூட்டுக் கைவினைஞர் 1844இல் பாரிஸ் கண்காட்சியில் வைத்தார். சாவி போய்விட்டது; நாமோ இன்னும் சாவிதான் கொடுக்கிறோம்.

சாமணத்தால் தகட்டை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்திலிருந்து ஆணியைத் திருகினார். இரண்டு தரம் நழுவியது. மூன்றாம் தரம் பிடித்தது. உரசுகிற இடங்களில் ஊசிமுனையால் துளி கிறீஸ். தண்டைச் செருகியதும் 'டிக்' என்றொரு சத்தம். இழுத்தால் இன்னொரு 'டிக்'.

இதற்குள் ஒரு பெண் சவூதியிலிருந்து வந்த பழைய செய்கோ 5 மணிக்கூட்டை நீட்டி, "சாவி ஏறுதில்ல நானா" என்றார். வாங்கி நாலு தரம் ஆட்டிவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்தார். செய்கோ 5இல் வருகிற 7009, 7எஸ்26 பொறிகளில் கையால் சாவி ஏறாது. கை அசைவில்தான் ஏறும். அதற்கு அவர் காசு வாங்கவில்லை. எனக்கு என் மணிக்கூட்டில் செய்த வேலையைவிட இந்த நேர்மை பெரிதாகத் தெரிந்தது.

உங்கள் வீட்டு அலுமாரியிலும் இப்படியொன்று கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். கழன்ற தண்டையும் ஒரு சரையில் மடித்துக் கூடவே கொண்டுபோங்கள். பழைய மணிக்கூட்டுக்குப் பொருந்துகிற தண்டு தேடுவதுதான் பெரும்பாடு.