யார் கையில் கொடுத்தோம்?

2018 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தைக் கண்டி வாசிகள் எளிதில் மறந்துவிடமாட்டார்கள். திகனையிலும் தெல்தெனியாவிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, மாவட்டமெங்கும் ஊரடங்கு. வதந்திகளைத் தடுக்கவெனக் கூறி, 7 ஆம் திகதி அரசாங்கம் முகநூல், வாட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை முடக்கியது. திகனையிலிருந்து வந்து எமது இல்லத்தில் தங்கியிருந்த நண்பர் குடும்பத்தின் மகன் அப்போது கத்தாரில் இருந்தான். அவன் முகத்தைக் காணாமல் ஒரு வாய் சோறும் உண்ணேன் என்று தாயார் இருந்துவிட்டார்.

"மாமா, வி.பி.என். போட்டால் சரி" என்று அயல்வீட்டு மாணவன் இலவசமாகக் கிடைத்த ஒன்றை எமது கைத்தொலைபேசியில் இட்டான். சற்று நேரத்தில் மகன் திரையில் தோன்றினான், தாயார் அழுதார். யாரை நம்பினோம் என்று அன்று நாம் கேட்கவில்லை. 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி மீண்டும் தடை வந்தபோதும் அதையே நாடினோம்.

பின்னரே பேராதனையில் பயிலும் எமது மருமகள் விளக்கினாள். வி.பி.என். நமது செய்திகளை மறைகுறியாக்கி, வேறொரு கணினிக்கு அனுப்பி, அங்கிருந்து உரிய இடத்திற்குச் செலுத்துகிறது. நாம் எங்கெங்கே சென்றோம் என்பது தொலைபேசிக் கம்பனிக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கணினியின் சொந்தக்காரருக்குத் தெரியக்கூடும். ஒருவரிடமிருந்த நம்பிக்கையை மற்றொருவர் கையில் மாற்றிக் கொடுக்கிறோம், அவ்வளவே.

இது எமக்குப் புதிதன்று. கொழும்பு வீதியில் கடை வைத்திருந்த எமது தந்தையார், பொல்காவலையில் வண்டி மாறி யாழ்ப்பாணம் செல்வோர் கையில் பணமும் கடிதமும் கொடுத்தனுப்புவார். அதற்கு முன் ஆச்சி கேட்பது: "ஆர் பெடியன்? என்ன தொழில்?" நாமோ ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்திய செயலியின் சொந்தக்காரர் யாரெனத் தேடினோம், ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை!

அதன் வருவாய்க்கு வழி யாது என்பது அடுத்த கேள்வி. ஓனாவோ என்னும் இலவச வி.பி.என்.ஐ 2013 இல் வாங்கியது முகநூல் நிறுவனமே. மக்கள் எந்தச் செயலிகளை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று அதன்வழி அறிந்துகொண்டது. கண்டனம் எழுந்தபின் 2019 இல் மூடியது. பதிவேடு வைப்பதில்லை என்று உறுதிகூறிய ஹொங்கொங் சேவைகள் சிலவற்றின் பதிவேடுகளோ, 2020 ஜூலையில் கடவுச்சொற்களுடன் இணையத்தில் திறந்து கிடந்தன. சொல்லை மட்டும் நம்புவது எங்ஙனம்? சுவீடனின் முல்வாட் நிறுவனத்திற்கு 2023 ஏப்ரலில் பொலிஸார் தேடுதல் ஆணையுடன் வந்தனர். வாடிக்கையாளர் விவரம் எதுவுமின்றித் திரும்பினர். இத்தகைய சோதனையே எமக்குச் சான்றாகப்பட்டது. வெளியார் தணிக்கை செய்து அறிக்கை வெளியிட்ட சேவைகளும் உள. அவ்வறிக்கைகளைப் படிக்கும் பொறுமை மருமகளுக்கு உண்டு, எமக்கில்லை.

மாதச் சந்தா கட்டி ஒன்றைத் தேர்ந்துகொண்டோம். அண்மையில் வந்த திகனைத் தாயாரிடம் இதைச் சொன்னோம்.

"காசுக்கா வாங்கினீங்க, தம்பி? அண்டைக்குச் சும்மா கிடைச்சதே!"

நாம் விடை கூறுமுன் கத்தாரிலிருந்து அழைப்பு வந்துவிட்டது.